புது டிவில கேமும் படமும் சரியா வரலயா? அறிகுறிய வச்சு பிழை நீக்கும் வழி

எங்க தண்டையார்பேட்ட, வண்ணாரப்பேட்ட பக்கம் யார் வீட்ல புது டிவி எறங்குனாலும் கொஞ்ச நாள்ல ஒரு போன் வந்துடும், "ணா, பீஸ் சரியில்லணா, மாத்தி தர சொல்லலாமா"னு. போய் பாத்தா நெறைய நேரம் பீஸ்ல ஒண்ணும் இருக்காது, செட்டிங்ஸ்லயோ கேபிள்லயோ பிளேஸ்டேஷன்லயோ தான் சிக்கல் இருக்கும். ஆனா சில நேரம் நெசமாவே பேனல்ல கோளாறு இருக்கும், அத்த செட்டிங்ஸ்னு நெனச்சி நோண்டிகினே இருந்தா கடக்காரன் மாத்தி குடுக்கற கெடு ஓடிப்போயிடும். அதனால எது டிவியோட கோளாறு, எது நாமளே சரி பண்ணிக்கறதுன்னு சீக்கிரமா பிரிச்சு பாக்கணும், அதுக்குத்தான் இத்த எழுதறேன்.

பிரிக்கற வழி சிம்பிள். என்ன கோளாறு தெரியுதோ அது டிவியோட மெனுவ ஓபன் பண்ணா மெனு மேலயும் தெரியுதா, டிவிக்குள்ளயே இருக்கற யூடியூப்லயும் தெரியுதா பாருங்க. ரெண்டுலயும் தெரிஞ்சா டிவிதான். பிளேஸ்டேஷன் போட்டா மட்டும் தெரியுதுன்னா மொதல்ல போர்ட்ட மாத்துங்க, அப்புறம் கேபிள மாத்துங்க, அப்புறம் வேற ஒரு பாக்ஸ் மாட்டி பாருங்க. ஒவ்வொண்ணா தான் மாத்தணும் பா, ஒரே நேரத்துல ரெண்டு மாத்திட்டா எதனால சரியாச்சுனு கடைசி வரைக்கும் தெரியாது.

"திரையில கோடு கீது, புள்ளி கீது, ஓரத்துல வெளிச்சம் அடிக்குது"

இத்த தான் மொத நாளே பாக்கணும், சுவத்துல மாட்றதுக்கு முன்னாடி, அட்டப்பெட்டியும் தெர்மாகோலும் வீட்ல இருக்கும்போதே. டெலிவரி வந்தவுடனே பெட்டி பிரிக்கறத முழுசா போன்ல வீடியோ எடுத்து வைங்க. ஒரு புள்ளில இருந்து நாலா பக்கமும் ஓடற கோடுன்னா அது அடிபட்டது, டெம்போல எங்கயோ இடிச்சிருக்கும், வீடியோ இல்லன்னா நீங்கதான் ஒடச்சீங்கன்னு சொல்லிடுவாங்க.

ராத்திரி லைட்டெல்லாம் நிறுத்திட்டு யூடியூப்ல முழு கறுப்பு, சாம்பல், வெள்ள, செவப்பு, பச்ச, நீலம்னு ஒவ்வொரு கலரா வர்ற டெஸ்ட் வீடியோ போடுங்க. கறுப்புல நாலு மூலையும் பாருங்க. எல்இடி டிவில மூலையில லேசா வெளிச்சம் கசியறது சகஜம், ஐபிஎஸ்ங்கற பேனல் வகைன்னா கொஞ்சம் கூடவே கசியும். நீங்க வழக்கமா உக்கார்ற எடத்துல இருந்து, ஓடற படத்துலயும் அந்த வெளிச்சம் கண்ண உறுத்துதுன்னா அது மாத்த வேண்டிய பீஸ். போன் கேமரால எடுத்து பாத்து பயப்படாதீங்க, இருட்டுல கேமரா வெளிச்சத்த கூட்டித்தான் காட்டும், கண்ணால பாத்து முடிவு பண்ணுங்க. அடுத்து சாம்பல் கலர்ல அழுக்கு படிஞ்ச மாதிரி திட்டு திட்டா இருக்கானு பாருங்க. எல்லா எல்இடிலயும் கொஞ்சம் இருக்கும், ஆனா ஃபுட்பால் கேம்ல கேமரா மைதானத்து மேல நகரும்போது அந்த திட்டு பச்ச புல்லு மேல நிக்கற எடத்துலயே நிக்கும், ஒரு தடவ கண்ணுல பட்டா அப்புறம் அதுதான் தெரியும். வியாசர்பாடி பசங்க மாதிரி தெனமும் ஃபுட்பால் ஆடறவங்களா இருந்தா இந்த டெஸ்ட்ட விட்றாதீங்க.

செத்த பிக்சல் (எப்பவும் எரியாத புள்ளி) ஒண்ணு ரெண்டு இருந்தா வாரண்டில கம்பெனிக்காரன் பேனல் மாத்த ஒத்துக்கறது கஷ்டம், இத்தன எண்ணிக்கைக்கு மேல இருந்தாத்தான்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க. வாரண்டி வேற, கடையோட ரிட்டர்ன் கெடு வேற. ஆன்லைன்ல வாங்கினா அந்த கெடு பெரும்பாலும் 7 நாளோ 10 நாளோ தான் இருக்கும், அதுக்குள்ள சொல்லிட்டா பேச்சு சுலபமா முடியும். "வாரண்டி ஒரு வருஷம் இருக்கே, மெதுவா பாத்துக்கலாம்"னு விட்டவங்க தான் அப்புறம் கஷ்டப்படறாங்க.

"படம் போட்டா சீரியல் கணக்கா கீது"

இதான் எல்லா புது டிவிலயும் வர்ற கம்ப்ளைண்ட். சினிமா வந்து வினாடிக்கு 24 ஃபிரேம்ல எடுக்கறாங்க, நம்மூர் டிவி சீரியல், கிரிக்கெட்டெல்லாம் 50ங்கற கணக்குல வரும், அதனால அசைவு வழவழன்னு இருக்கும். புது டிவி என்ன பண்ணும்னா 24 ஃபிரேம் நடுவுல இல்லாத ஃபிரேம அதுவா கற்பனை பண்ணி சொருகிடும், அதனால கோடி கோடியா கொட்டி எடுத்த படமும் சீரியல் மாதிரி ஆகிடுது, சண்டக்காட்சில கையி காலு ஓரத்துல படம் கிழிஞ்ச மாதிரியும் தெரியும். கேமராமேன் எவ்ளோ உசுர குடுத்து எடுத்திருப்பாரு, அத்த இப்டி பாக்கறது எனக்கு நெசமாவே மனசு வலிக்கும்.

எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃபுளோ, சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டின்னு பேரு இருக்கும், மத்ததுல எம்இஎம்சின்னு போட்டிருப்பான். அத்த ஆஃப் பண்ணுங்க. ஃபிலிம்மேக்கர் மோடுனு ஒண்ணு இருந்தா இன்னும் சுலபம், 2019ல யுஎச்டி அலையன்ஸ் கொண்டாந்தது, அத்த போட்டா இந்த வேலயெல்லாம் தானா நின்னுடும்.

ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானா ஒளிர்ற டிவி) வாங்கினவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அதுல பிக்சல் உடனே மாறிடும், அதனால சுத்தமா ஆஃப் பண்ணா கேமரா மெதுவா திரும்பற காட்சில படம் தடுக்கி தடுக்கி போகும். அப்போ டி-ஜட்டர்னு இருக்கறத ஒண்ணு ரெண்டு அளவுக்கு மட்டும் வைங்க, இல்ல எல்ஜின்னா சினிமாட்டிக் மூவ்மெண்ட் வைங்க, அதுக்கு மேல ஏத்தாதீங்க. இன்னொண்ணு, 60 ஹெர்ட்ஸ் பேனல்ல, அதாவது வினாடிக்கு 60 தடவ படத்த மாத்தற திரைல, 24 ஃபிரேம் சமமா வகுபடாது, ஒரு ஃபிரேம் ரெண்டு தடவ இன்னொண்ணு மூணு தடவன்னு நிக்கும், அதனாலயும் ஜெர்க் வரும். 120 பேனல்ல ஒவ்வொரு ஃபிரேமும் அஞ்சு தடவ, கணக்கு சரியா வந்துடும். ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி வெளி டிவைஸ்ல பாக்கறீங்கன்னா ஒரிஜினல் ஃபிரேம் ரேட்டுக்கு மேட்ச் பண்ணுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத்த ஆன் பண்ணிடுங்க.

"மொகமெல்லாம் ஆரஞ்சா கீது, இல்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது"

கடையில எல்லா டிவியும் விவிட் மோடுல ஓடும், பளிச்சுனு இருந்தாத்தானே விக்கும். வீட்டுக்கு வந்தும் அதுலயே விட்டா நீலம் தூக்கலா அடிக்கும், நம்ம ஜனங்களோட மாநிறம், கறுப்பு நிறம் எதுவுமே அதோட சொந்த நிறத்துல வராது. நம்ம மனுஷங்க மொகத்த நம்ம நிறத்துலயே காட்டாத டிவி எவ்ளோ வெல குடுத்து வாங்கினாலும் என்ன பிரயோஜனம் சொல்லுங்க. சினிமா மோடு இல்ல ஃபிலிம்மேக்கர் மோடு போடுங்க, கலர் டெம்பரேச்சர் வார்ம்ல வைங்க, 6500 கெல்வின் தான் படம் எடுக்கறவங்க வச்சு பாக்கற வெள்ள. மொத ரெண்டு நாள் மஞ்சளா தெரியுதுன்னு வீட்ல எல்லாரும் சண்டைக்கு வருவாங்க, மாத்தாம விடுங்க, கண்ணு பழகினதும் பழைய மோடு தான் நீலமா தெரியும். ஷார்ப்னஸ்ஸ கொறைங்க, கூட வச்சா எழுத்து ஓரத்துல வெள்ள கோடு வரும். சோனில மட்டும் 50 தான் நடு, அத்த சைபருக்கு எறக்கினா மங்கிடும்.

"பட்டன் அழுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு தான் அடிக்கறான்"

கேம் மோடு ஆன்ல இல்ல, அவ்ளோதான். டிவி படத்த அழகு பண்ணிட்டு தான் காட்டும், அதுக்கு நேரம் எடுக்கும், சில டிவில கேம் மோடு இல்லாம 100 மில்லி செகண்டுக்கு மேல கூட போகும். 60 ஃபிரேம் கேம்ல ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்டு தான், அப்போ நீங்க அழுத்தி ஆறு ஃபிரேம் தாண்டி திரையில வருது. கோலிய தாண்டி பந்து போயே போச்சு. கேம் மோடு போட்டா நல்ல டிவில இது 10, 15 அளவுக்கு எறங்கிடும்.

ஏஎல்எல்எம்னு ஒண்ணு இருக்கு, பிளேஸ்டேஷன் ஆன் பண்ணா டிவி தானா கேம் மோடுக்கு மாறும். டிவியிலயும் கன்சோல்லயும் ரெண்டு பக்கமும் ஆன்ல இருக்கணும். கேம் மோடுலயும் லேட்டுன்னா கன்சோல் வயரு சவுண்ட்பார் வழியா சுத்தி வருதானு பாருங்க, நேரா டிவிக்கு குடுங்க. கேம் மோடுக்கு கலர் தனியா இருக்கும், சினிமா மோடுல போட்டது இதுக்கு வராது, வார்ம் டெம்பரேச்சர் இங்கயும் ஒரு தடவ போட்டுக்கோங்க.

"டிவி 120னு சொல்லி குடுத்தான், பிஎஸ்5ல (பிளேஸ்டேஷன் 5) 60 தான் காட்டுது"

மொதல்ல டிவி நெசமாவே 120 பேனலானு பாக்கணும். பெட்டில "மோஷன் ரேட் 120" மாதிரி ஏதாவது போட்டிருந்தா அது பேனலோட ஹெர்ட்ஸ் இல்ல, பெரும்பாலும் 60 பேனல்ல நடுவுல ஃபிரேம் சொருகற கணக்கு. அதே மாதிரி "எச்டிஎம்ஐ 2.1"னு போட்டிருந்தாலும் 120 வரும்னு அர்த்தம் இல்ல, 60 பேனல்லயும் ஏஎல்எல்எம் மட்டும் குடுத்துட்டு அப்டி போடறாங்க. கம்பெனி வெப்சைட்ல ஸ்பெசிஃபிகேஷன்ல ரெஃப்ரெஷ் ரேட்னு இருக்கற லைன்ல 120னு இருக்கணும், அத்த மட்டும் நம்புங்க.

பேனல் 120 தான்னா அடுத்தது போர்ட். நாலு போர்ட் இருந்தாலும் பல டிவில ரெண்டுல தான் 4கே 120 வரும், பக்கத்துல சின்னதா எழுதி இருக்கும், அந்த ரெண்டுல ஒண்ணே சவுண்ட்பார் மாட்ற ஈ-ஆர்க் போர்ட்டாவும் இருக்கும். அப்புறம் டிவியில அந்த போர்ட்ட திறந்து விடணும், சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில எச்டிஎம்ஐ டீப் கலர், சோனில எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டுக்கு உள்ள என்ஹான்ஸ்டு. இத்த பண்ணாம விட்டவங்க தான் அதிகம். கன்சோல்ல செட்டிங்ஸ், ஸ்க்ரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் போய் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்ட ஆட்டோமேட்டிக்ல வைங்க, அங்கயே டிவி என்னென்ன தாங்கும்னு லிஸ்ட்டும் காட்டும். கேம் பிரீசெட்ல பெர்ஃபார்மன்ஸ் மோடும் வைங்க. இவ்ளோ பண்ணியும் 60 வந்தா அந்த கேமே 60 தானானு பாருங்க, எல்லா கேம்லயும் 120 கெடையாது. ஆனா 120 டிவி வீணும் இல்ல, சில கேம்ல 40 ஃபிரேம் மோடு இருக்கும், 120ல 40 சரியா மூணு பங்கு, 30 ஃபிரேம விட நல்லா தெரியற அளவுக்கு வழுக்கிகினு போகும், அந்த மோடு 120 டிவி இருந்தாத்தான் வேல செய்யும்.

விஆர்ஆர், அதாவது கேமோட ஃபிரேம் வேகத்துக்கு தகுந்த மாதிரி டிவியும் வேகத்த மாத்திக்கற வசதி, பிஎஸ்5க்கு 2022 ஏப்ரல்ல தான் வந்தது, அது 48ல இருந்து 120 ஃபிரேம் வரைக்கும் தான் வேல செய்யும், 30ல ஓடற கேமுக்கு எந்த உதவியும் பண்ணாது. ஓஎல்இடில விஆர்ஆர் ஆன் பண்ணதும் இருட்டு காட்சி மினுக்கு மினுக்குனு அடிச்சா அது பீஸ் கோளாறு இல்ல, அந்த டெக்னாலஜியோட கொணம். ரொம்ப உறுத்துற கேமுக்கு மட்டும் ஆஃப் பண்ணிக்கோங்க.

"நடுவுல ரெண்டு செகண்டு கறுப்பாகி திரும்ப வருது, புள்ளி புள்ளியா மின்னுது"

கேபிள். 4கே 60க்கு வினாடிக்கு 18 ஜிகாபிட் போதும், பழைய கேபிளே தாங்கும், பிஎஸ்5 4கே 120 அனுப்பும்போது 32 ஜிகாபிட் வரைக்கும் போகும், அங்கதான் உடையும். பிஎஸ்5 பெட்டிலயே நல்ல கேபிள் குடுத்திருக்கான், அத்த விட்டுட்டு வேற நீட்டு கேபிள் போடறாங்க. நீட்டு வேணும்னா பர்மா பஜார்ல கேளுங்க, கெடைக்கும், ஆனா கவர்ல "8கே"னு கலர் கலரா போட்டிருக்கறத பாக்காதீங்க, அல்ட்ரா ஹை ஸ்பீடுனு க்யூஆர் கோடோட ஒரு லேபிள் இருக்கும், அத்த அங்கயே எச்டிஎம்ஐ ஆப்ல ஸ்கேன் பண்ணி பாத்துட்டு காசு குடுங்க. மூணு மீட்டருக்கு மேல போகாதீங்க. இப்போதைக்கு வேற கேபிள் கைல இல்லன்னா கன்சோல்ல 4கே டிரான்ஸ்ஃபர் ரேட்ட ஒரு படி எறக்கி பாருங்க, நின்னுடுச்சுன்னா கேபிள் தான்னு உறுதி.

காசிமேடு, ராயபுரம், திருவொத்தியூர், எண்ணூர்னு கடலோரமா இருக்கறவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. உப்புக்காத்துல எச்டிஎம்ஐ முனை மங்கி பச்ச பூத்துடும், நல்லா ஓடிகினு இருந்தது திடீர்னு விட்டு விட்டு வரும். எல்லாத்தையும் பிளக்ல இருந்து உருவிட்டு முனைய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தொடச்சி, நல்லா காய விட்டு மாட்டுங்க. சும்மா இருக்கற போர்ட்டுக்கு ரப்பர் மூடி போட்டு வைங்க. அந்த ஆல்கஹால திரை மேல மட்டும் படவே விடாதீங்க, கோட்டிங் போயிடும், திரைக்கு காஞ்ச மைக்ரோஃபைபர் துணி போதும். துறைமுகத்து லாரி ஓடற ரோட்டோரம் வீடுன்னா தூசி மணல் மாதிரி இருக்கும், அழுத்தி தேய்க்காம மொதல்ல தட்டி விட்டுட்டு தொடைங்க.

"எச்டிஆர் போட்டா இருட்டாகிடுது"

எச்டிஆர்னா வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் அளவுல காட்டற பட முறை. மொத சந்தேகம் எனர்ஜி சேவிங், இல்ல வெளிச்சம் பாத்து தானா கொறைக்கற சென்சார். ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு பாருங்க, பாதி பேருக்கு இங்கயே வேல முடிஞ்சிடும். டால்பி விஷன்ங்கற எச்டிஆர் வகைல டார்க், பிரைட்னு ரெண்டு மோடு இருந்தா பகல்ல பிரைட், ராத்திரி டார்க்.

கேமுக்கு, பிஎஸ்5ல அட்ஜஸ்ட் எச்டிஆர்னு மூணு திரை வரும். டிவில எச்ஜிஐஜினு (கன்சோல் குடுக்கற வெளிச்சத்த டிவி மாத்தாம விடறது) ஆப்ஷன் இருந்தா அத்த மொதல்ல போட்டுட்டு, சூரியன் மாதிரி சின்னம் கண்ணுக்கு அப்போதான் மறையற எடத்துல நிறுத்துங்க. டைனமிக் டோன் மேப்பிங் ஆன்ல வச்சிகினு இத்த பண்ணா கன்சோல் ஒரு தடவ வெளிச்சத்த மாத்தும், டிவி இன்னொரு தடவ மாத்தும், வெள்ள எல்லாம் வெந்து போயிடும்.

அப்புறம் ஒரு உண்மைய சொல்லிடறேன். கம்மி வெலை டிவில "எச்டிஆர் சப்போர்ட்"னு போட்டிருந்தா எச்டிஆர் சிக்னல வாங்கிக்கும்னு தான் அர்த்தம், 250, 300 நிட்ஸ் (வெளிச்ச அளவு) பேனல்ல, இருட்டான எடத்துல மட்டும் பின்வெளிச்சத்த கொறைக்கற லோக்கல் டிம்மிங்கும் இல்லாம, அந்த வெளிச்சத்த காட்ட முடியாது. அந்த டிவில எச்டிஆர கன்சோல்ல ஆஃப் பண்ணிட்டு எஸ்டிஆர்ல, அதாவது சாதா முறைல ஆடுங்க, நெசமாவே அழகா இருக்கும். சாம்சங் டிவில டால்பி விஷன் கெடையாது, எச்டிஆர்10 பிளஸ் தான், தேடிகினு இருக்காதீங்க. பிஎஸ்5லயும் டால்பி விஷன் கெடையாது, அதனால ஓடிடி படத்த கன்சோல் ஆப்ல பாக்காம டிவியோட ஆப்லயே பாருங்க.

"கறுப்பு சாம்பலா கீது, இல்ல இருட்டுல ஒண்ணுமே தெரியல"

கன்சோல் அனுப்பற ஆர்ஜிபி ரேஞ்சும் (கறுப்புல இருந்து வெள்ள வரைக்கும் எண்ணுற அளவு) டிவி எதிர்பாக்கறதும் ஒத்துப்போகல. லிமிடெட்ல கறுப்பு 16ல ஆரம்பிக்கும், ஃபுல்ல சைபர்ல ஆரம்பிக்கும். டிவி ஃபுல்ல இருந்து கன்சோல் லிமிடெட் அனுப்பினா வெளுத்துடும், தலைகீழா இருந்தா நெழல்ல ஒளிஞ்சிருக்கறவன் தெரியவே மாட்டான். ரெண்டு பக்கமும் ஆட்டோ போடுங்க, சரியாகலன்னா ரெண்டையும் லிமிடெட்.

"மேலயும் கீழயும் கறுப்பு பட்ட" / "ஸ்கோர் போர்டு பாதி வெட்டுப்படுது"

பட்ட வர்றது கோளாறே இல்ல. தியேட்டர் படம் 2.39க்கு 1ங்கற அகலத்துல எடுத்தது, டிவி 16க்கு 9. 55 இன்ச் டிவி 27 இன்ச் ஒசரம், அதுல அந்த படம் 20 இன்ச் தான் புடிக்கும். ஜூம் பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் நிக்கற ஆளு வெட்டுப்பட்டு போயிடுவான். ஆனா கேம்ல ஸ்கோர், மேப் வெட்டுப்பட்டா அது ஓவர்ஸ்கேன், பிக்சர் சைஸ்ல ஜஸ்ட் ஸ்கேன் இல்ல ஃபிட் டு ஸ்க்ரீன் போடுங்க.

"தரையில உக்காந்தா ஒரு கலரு, கட்டில்ல உக்காந்தா ஒரு கலரு"

நம்ம பக்கத்து வீட்ல ஹால் ஒடுக்கமா இருக்கும், நாலு பேரு பாய்ல, ரெண்டு பேரு சேர்ல, ஒருத்தர் சமையகட்டு வாசல்ல நின்னுகினு பாப்பாங்க, டிவிய அலமாரிக்கு மேல ஒசரமா மாட்டி இருப்பாங்க. விஏ, ஐபிஎஸ்னு எல்இடி பேனல்ல ரெண்டு வகை. விஏ பேனல் நேரா பாத்தா கறுப்பு ஆழமா இருக்கும், 3000க்கு 1க்கு மேல கான்ட்ராஸ்ட் வரும், ஆனா பக்கவாட்டுல, கீழ இருந்து பாத்தா வெளுத்துடும். ஐபிஎஸ்ல கான்ட்ராஸ்ட் 1000க்கு 1 பக்கம் தான், ஆனா எங்க இருந்து பாத்தாலும் கலர் நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல எது வேணும்னு வீட்ட பாத்து தான் முடிவு பண்ணணும், ராத்திரி தனியா கேம் ஆடறவனுக்கு விஏ, குடும்பமே பரவி உக்கார்ற வீட்டுக்கு ஐபிஎஸ், காசு இருந்தா ஓஎல்இடி. ஏற்கனவே விஏ வாங்கிட்டீங்கன்னா எறக்கி மாட்டுங்க. தரையில உக்காந்தா கண்ணு ரெண்டரை அடி ஒசரத்துல இருக்கும், திரையோட நடுப்பகுதி அத்த ரொம்ப தாண்டாம இருக்கட்டும், முடியலன்னா முன்னாடி சாயற ஸ்டாண்டு போட்டு கீழ பாக்க வைங்க. தூரம், 55 இன்ச்சுக்கு ஆறுல இருந்து ஏழு அடி நல்லா இருக்கும், பத்தடி தள்ளி உக்காந்தா 4கே வாங்கினதோட அருமையே தெரியாது.

"4கே டிவி, ஆனா படம் மங்கலா கீது"

கேபிள் சேனல்னா, சாதா பாக்ஸ்ல 576 கோடு தான் வருது, அத்த 2160 கோடா இழுத்தா அப்டித்தான் இருக்கும். ஆபரேட்டர் கிட்ட எச்டி பாக்ஸ் கேட்டு எச்டிஎம்ஐல மாட்டுங்க, மஞ்சள் செவப்பு வெள்ள வயர தூக்கி போடுங்க. நெட்ஃபிளிக்ஸ்னா பிரீமியம் பிளான்ல தான் 4கே, 15 எம்பிபிஎஸ் நெட்டும் வேணும். வைஃபை ரூட்டர்ல 5 ஜிகாஹெர்ட்ஸ்ல சேருங்க, சுவரு ஒட்டி சுவரா பத்து வீட்டு ரூட்டர் இருக்கற சந்துல 2.4 நெரிசல்ல மாட்டிக்கும். லேன் வயர் குடுத்தா இன்னும் நிம்மதி.

"படம் ஓடுது, சத்தம் வரல" / "வாய் அசையறதும் சத்தமும் ஒட்டல"

பென்டிரைவ் படத்துல படம் மட்டும் ஓடி சத்தம் இல்லன்னா அந்த ஃபைல்ல டிடிஎஸ்ங்கற ஆடியோ வகை இருக்கும். சாம்சங் 2018 மாடல்ல இருந்தும் எல்ஜி 2020 மாடல்லயும் டிடிஎஸ்ஸ எடுத்துட்டாங்க, டிவி ஸ்பீக்கர் போகல. பென்டிரைவ் ஃபேட்32ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க.

சவுண்ட்பார்ல சத்தமே இல்லன்னா வயரு ஆர்க்னு எழுதி இருக்கற போர்ட்ல இருக்கா, டிவில எச்டிஎம்ஐ சிஇசி ஆன்ல இருக்கா பாருங்க. லேட்டா வந்தா ப்ளூடூத்த விட்டுட்டு வயருக்கு வாங்க, டிவி ஆடியோவ பாஸ்த்ரூல வைங்க. சண்ட சத்தம் காது கிழியுது, பேசறது கேக்கலன்னா, டிவி ஸ்பீக்கருக்கு ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஆடியோ போகுது, ஓடிடில அதே மொழில 5.1னு போடாத ட்ராக் இருந்தா அத்த எடுங்க.

"டிவி பின்னாடி தொட்டா ஷாக்கு மாதிரி சுருக்குனுது", "மழ பேஞ்சப்புறம் எச்டிஎம்ஐ ஒண்ணு செத்துப்போச்சு"

இத்த சாதாரணமா எடுத்துக்காதீங்க, படிச்சிட்டு இன்னைக்கே பாருங்க. ரெண்டு பின் பிளக்ல ஓடற சாதனத்துல லேசா ஒரு கூச்சம் இருக்கலாம், ஆனா சுருக்குனு இழுத்தா வீட்ல எர்த் இல்லன்னு அர்த்தம், இல்ல கேபிள் டிவி வயர்ல கரண்டு வருது. பழைய வீட்டு பிளக்ல மூணாவது ஓட்ட சும்மா பேருக்கு இருக்கும், உள்ள வயரே இருக்காது. எலக்ட்ரீஷியன கூப்ட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்ட் பாக்க சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல இருந்தா எர்த்த சரி பண்ணாம எதயும் மாட்டாதீங்க. எச்டிஎம்ஐ சொருகும்போது எல்லாத்தையும் சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு, கேபிள் டிவி வயர பாக்ஸ்ல இருந்து கழட்டிட்டு தான் சொருகணும், இல்லன்னா ஒரு பொறி போதும் போர்ட் போக.

ஐப்பசி கார்த்திக இடி மழைல டிவிய ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, மொட்ட மாடி மேல தொங்கிகினு வர்ற கேபிள் வயர கழட்டி தனியா போடுங்க, இடி அது வழியா வந்து பாக்ஸ், எச்டிஎம்ஐ, டிவி போர்டுனு வரிசையா தின்னுட்டு போயிடும். பின்னாடி லேபிள்ல 100-240 வோல்ட்னு இருந்தா ஸ்டெபிலைசர் வேணாம், நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போதும், ஆனா அதுவும் எர்த் இருந்தாத்தான் முழுசா காப்பாத்தும். இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் உர்ருனு சத்தம் வந்தா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும், டிவி கோளாறு இல்ல, கரண்டு வர்ற வரைக்கும் கன்சோல மட்டும் நிறுத்தி வைங்க.

ஓஎல்இடி வச்சிருக்கறவங்களுக்கு தனியா

ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி எல்லா சுவிட்சயும் சுவத்துலயே ஆஃப் பண்றது நம்ம அம்மாங்க வழக்கம், நல்ல வழக்கம் தான், ஆனா ஓஎல்இடிக்கு மட்டும் விதிவிலக்கு குடுங்க. மொத்தமா நாலு மணி நேரம் ஓடினப்புறம் ரிமோட்ல ஆஃப் பண்ணதும் அது உள்ளயே சில நிமிஷம் பிக்சல சரி பண்ணிக்கும், அந்த நேரத்துல கரண்டு புடுங்கினா அந்த வேல நடக்காது, சேனல் லோகோ, கேம் ஸ்கோர் எல்லாம் மெதுவா தங்க ஆரம்பிச்சிடும். அம்மா கிட்ட சொல்லி அந்த ஒரு சுவிட்ச விட சொல்லுங்க. நியூஸ் சேனல் நாள் பூரா ஓடற வீடுன்னா ஓஎல்இடி வாங்காதீங்க, நல்ல மினி எல்இடி வாங்குங்க.

இவ்ளோ பாத்தும் சரியாகல

டிவி சாஃப்ட்வேர அப்டேட் பண்ணி, ஒரு தடவ ஃபேக்டரி ரீசெட் போட்டு பாருங்க, சர்வீஸ்காரரும் மொதல்ல அத்ததான் பண்ண சொல்வாரு. போன் பண்ணும்போது "படம் சரியில்ல"னு சொல்லாதீங்க, "டிவியோட மெனு மேலயும் கோடு தெரியுது, மூணு போர்ட்லயும் பாத்தாச்சு, கேபிள் மாத்தி பாத்தாச்சு"னு சொல்லுங்க, மாடல் நம்பர், சீரியல் நம்பர், கம்ப்ளைண்ட் நம்பர், வந்தவரோட ஜாப் ஷீட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. வாய்ல சொன்னத வாட்ஸ்ஆப்லயோ மெயில்லயோ ஒரு தடவ எழுத்துல அனுப்பிடுங்க. இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதுலயும் முடியலன்னா 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், டிவி மாதிரி அஞ்சு லட்சத்துக்குள்ள வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கெடையாது, பிரச்சன ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில்லு பேப்பர் நம்ம ஊரு வெக்கையில ஆறே மாசத்துல வெளுத்துடும், இப்பவே போட்டோ எடுத்துடுங்க.